செம்புத் தகடு

அன்புள்ள அம்மா,

நீயும் என் மகள் யாழினியும் நல்லா இருக்கீகளா? அவளுக்குச் சளி விட்டதா?

நேற்று எங்கள் ஹோட்டலுக்கு ஓர் அக்கா வந்தார். கதவின் பித்தளைக் கைப்பிடியில் உள்ளங்கையை அழுத்திவிட்டுத்தான் உள்ளே வந்தார். பட்டாசு மருந்து அறைக்குள் நுழையுமுன், உடம்புக் கரண்ட் இறங்க நீ செம்புத் தகட்டைத் தொடுவாயே, அதேபோல். "நம்ம சாத்தூர்ப் பக்கமா அக்கா?" என்றதும் அழுதுவிட்டார். பட்டாசு விபத்தில் வெந்த புருஷனை மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து இங்கே சென்னைக்கு அனுப்பிவிட்டாகளாம். காசு வாங்காமல் ரூம் கொடுத்தேன். "இதென்ன சத்திரமா?" என்று கத்திய மேனேஜர், பிறகு அவரே இட்லி வாங்கிக் கொடுத்தார்.

சீசன் அவசரத்தில் அந்த அண்ணன் தகட்டைத் தொடாமல் போய்விட்டாராம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

ஆர்டர் எம்புட்டு இருந்தாலும் தொடாமல் போகாதே அம்மா. சாயங்காலம் கம்பெனியை விட்டு வெளியே வந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு. எடுக்க மாட்டேன். உன் பேரைப் பார்த்தால் போதும்.

செல்வலட்சுமி