சமையல்காரர் மேல் நான் போட்ட பழி

ஆவணி 14, வியாழன்

திருமானூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பலருக்கு வயிற்றுப்போக்கு. கல்யாணச் சாப்பாடுதான் காரணம் என்று திங்களன்றே அதிகாரிகளிடம் சொல்லிவிட்டேன். இத்தனை வருடமாகத் தொற்றுநோயியல் கற்பிக்கும் பேராசிரியை சொன்னதால் யாரும் மறுக்கவில்லை.

இன்று அதிகாரிகளுடன் நடந்த கூட்டத்தில் என் மாணவி மும்தாஜ் எழுந்தாள். லப்பைக்குடிக்காட்டுப் பெண். வகுப்பில் அதிகம் பேசமாட்டாள்.

"மேடம், சாப்பாடு இல்லைங்க. கல்யாணத்துக்கே போகாதவங்களுக்கும் வந்திருக்கு. தெற்குத் தெருவுல எல்லாரும் விருந்து சாப்பிட்டாங்க, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. அவங்க குடிக்கிறது அடிபம்பு தண்ணி. மத்த தெருவுக்கெல்லாம் டேங்க் தண்ணிங்க."

நான் நோயாளிகளை மட்டுமே விசாரித்திருந்தேன். நோய் வராதவர்களையும் கேளுங்கள் என்று ஆண்டுதோறும் முதல் வகுப்பில் சொல்கிறவளும் நான்தான். முகம் சுட்டது. ஆனாலும் அவள் சொல்வதே சரி என்று எல்லோர் முன்னும் சொன்னேன். மதியத்துக்குள் சாக்கடையோரம் உடைந்திருந்த குழாயைக் கண்டுபிடித்துத் தண்ணீரை நிறுத்தினார்கள்.

பிறகு மும்தாஜோடு சமையல்காரர் வீட்டுக்குப் போனேன்.

"தப்பு என்னோடதுங்க" என்றேன்.

"அடுத்த கல்யாணத்துக்கு என்னப் பேசியிருந்தவங்க வேற ஆளப் பாத்துட்டாங்கம்மா" என்றார். கோபப்படவே இல்லை. அதுதான் உறுத்துகிறது. அந்த வீட்டாரிடம் நாளை நானே பேசுவதாகச் சொன்னேன்.

திரும்பும்போது மும்தாஜ் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "எம்மேல கோவமா மேடம்?"

"பெருமையா இருக்கும்மா."

உண்மையைத்தான் சொன்னேன். என் ஆராய்ச்சிக் கட்டுரை எதுவும் இத்தனை சந்தோஷம் தந்ததில்லை. இருந்தும் தூக்கம் வரவில்லை. காலையில் அந்த வீட்டில் பேச்சை எப்படித் தொடங்குவது?