மீன் தொட்டியும் என் ராசியும்

அன்புள்ள அத்தைக்கு,

நேற்று ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் வண்ணமீன் கடைக்கு மருமகளோடு போயிருந்தேன். கடைக்காரர் மீனோடு ஒரு சின்ன நீல பாட்டிலையும் நீட்டி, "குழாத் தண்ணில ரெண்டு சொட்டு வுடுங்கம்மா, பிளீச்சிங் பவுடர் நெடியெல்லாம் பூடும்" என்றார். ரெண்டே சொட்டு! கடையிலேயே சிரித்துவிட்டேன். அந்த பாட்டில் அன்றைக்குக் கிடைத்திருந்தால் செங்கல்பட்டில் நாம் இரண்டு பேரும் பட்ட பாடு எதுவும் நடந்திருக்காது. உங்களை எனக்குச் சரியாகத் தெரிந்தும் இருக்காது.

எழுபதுகளின் நடுவில் நான் கல்யாணமாகி உங்கள் வீட்டுக்கு வந்தபோது, எனக்கு முன்னாலேயே கூடத்தில் இடம் பிடித்திருந்தது அந்தக் கண்ணாடித் தொட்டி. உங்கள் மகனுடைய ஆபீஸ் நண்பர், கோவளத்துக் காதர், கல்யாணப் பரிசாகக் கொடுத்தது. உள்ளே மூர் மார்க்கெட்டில் வாங்கிய ஆறு தங்கமீன்கள். "இத்த எப்ப கொழம்பு வெக்கிறது?" என்று கேட்டீர்கள். அது விளையாட்டா நிஜமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

முதல் வாரம் எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு பொரி போட்டோம். மீன் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து, "பசிக்குதுன்னு சொல்லுது, பாவம்" என்று நீங்கள் இட்லியை வேறு உதிர்த்துவிட்டீர்கள். தண்ணீர் கஞ்சியாகி, ஒன்று வயிறு வீங்கி மிதந்தது. நாற்றம் தாங்காமல் நான் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, குழாய்த் தண்ணீரை நேராகப் பிடித்து ஊற்றினேன். அன்று பார்த்து முனிசிபாலிட்டிக்காரர்கள் பிளீச்சிங் பவுடரைத் தாராளமாகக் கொட்டியிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு போய்விட்டன.

காதர் வந்து பார்த்தார். "எங்க ஊர்ல மீனு செத்தப்புறம் வூட்டுக்கு வரும். உங்க வூட்ல வந்தப்புறம் சாவுது அண்ணி" என்று சிரித்தார். பிறகு, "குழாத் தண்ணிய ஒரு நாள் முழுக்கப் பாத்திரத்துல வெச்சிருந்து ஊத்துங்க. தெனம் பாதித் தண்ணி மாத்துங்க" என்றார். யோசனை சரியான யோசனைதான். எந்தப் பாத்திரம் என்று அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

நீங்கள் உங்கள் அம்மா வீட்டுச் சீராக வந்த செம்புக் குடத்தை இறக்கினீர்கள். பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் தவிர வேறெதற்கும் பரணைவிட்டு இறங்காத குடம். புளி போட்டுத் தேய்த்து முகம் தெரிகிற மாதிரி பளபளக்க வைத்தீர்கள். "செம்புத் தண்ணி குட்ச்சா ஒரு நோவும் வராது" என்றீர்கள். ஒரு வாரத்துக்குள் மேலும் இரண்டு மிதந்தன. மிச்சம் ஒன்று.

அப்போதுதான் அடுத்த தெருவிலிருந்து உங்கள் நாத்தனார் வந்தார். தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இந்தப் பொண்ணு வந்து ரெண்டு மாசம் ஆவல. அஞ்சு உசுரு பூட்ச்சி. சின்னவன் நிச்சயத்துக்கு வரிசைத் தட்டை இவ கையில குடுத்துடாதீங்க" என்றார். கொழுந்தனாருடைய நிச்சயதார்த்தத்துக்கு மூன்று வாரம் இருந்தது. மூத்த மருமகள்தான் முதல் தட்டை எடுக்க வேண்டும். அன்று எடுக்காவிட்டால் பிறகு அந்த வீட்டில் எந்த நல்ல காரியத்திலும் நான் சமையல்கட்டோடு சரி. நீங்கள் எழுந்து குடத்தைத் தேய்க்கப் போய்விட்டீர்கள். உங்கள்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்த வாரம் மாசிமகத்துக்குக் கடலாட மாமல்லபுரத்துக்கு, உங்கள் தங்கை வீட்டுக்குப் போனீர்கள். குடத்தை உள்ளறையில் வைத்துப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டீர்கள். வேறு வழியில்லாமல் நான் பிளாஸ்டிக் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைத்து ஊற்றினேன். ஒருக்களித்துக் கிடந்த கடைசி மீன் மூன்றாம் நாள் நிமிர்ந்து நீந்தியது. நீங்கள் திரும்பி வந்தீர்கள், குடம் வெளியே வந்தது, மீன் மறுபடி ஒருக்களித்தது. எனக்கு விஷயம் புரிந்துபோயிற்று. என் பெயரைக் காப்பாற்ற வேண்டுமானால் உங்கள் அம்மா வீட்டுக் குடத்தைக் குற்றம் சொல்ல வேண்டும். புதுப்பெண் அதைச் சொல்லிவிட்டு எந்த வீட்டில் போய் இருப்பாள்?

அதனால் திருட்டு வேலையில் இறங்கினேன். காலையில் நீங்கள் பால் வாங்கப் போனதும் குடத்துத் தண்ணீர் முருங்கைக்கு, பக்கெட் தண்ணீர் தொட்டிக்கு. மீன் துள்ளியது. "பாத்தியா, செம்புத் தண்ணி வேலையக் காட்டுது" என்று தெரு முழுக்கச் சொல்லி வந்தீர்கள். நாத்தனாருடைய வயிற்று உப்புசத்துக்குக்கூட ஒரு சொம்பு கொடுத்தனுப்பினீர்கள். ஐந்தாம் நாள் சீக்கிரமே திரும்பிவிட்டீர்கள்.

"இன்னாம்மா பண்ணிகினு கீறே?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் திட்டவில்லை. காதரை மூர் மார்க்கெட்டுக்கு அனுப்பி விசாரித்து வரச் சொன்னீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் தலையைச் சொறிந்துகொண்டே வந்து நின்றார்.

"செம்பு மீனுக்கு வெஷமாம்மா. புளி போட்டுத் தேச்சா இன்னும் மோசமாம்."

"மனுசனுக்கு நல்லதா கீறது மீனுக்கு எப்டிப்பா வெஷமாவும்?"

"அத்த நான் மீனாண்ட கேக்கலம்மா."

குடத்தைப் பரணில் கவிழ்த்து வைத்தீர்கள். தட்டு என் கைக்கு வராது என்று முடிவு கட்டிவிட்டேன்.

நிச்சயதார்த்தத்தன்று திருக்கழுக்குன்றத்தில் பெண் வீட்டு வாசலில் எல்லோரும் நிற்கிறோம். உங்கள் நாத்தனார் முதல் தட்டை எடுக்கக் குனிந்தார். நீங்கள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள்.

"தட்டை என் மருமவதான் எடுப்பா. அஞ்சு மீனையும் கொன்னது அவ இல்ல, நான். இட்லி போட்டதும் நான், செம்புக் குடத்துல தண்ணி வெச்சதும் நான். ராசி பாக்கணும்னா எனக்குப் பாருங்க."

நான் கொன்ற இரண்டையும் சேர்த்து உங்கள் தலையிலேயே போட்டுக்கொண்டீர்கள். குழாய்த் தண்ணீரை ஊற்றியது யாரென்று உங்களுக்கு நன்றாகவே தெரியும். ஒன்றும் புரியாமல் பெண்ணின் அப்பா பதறிப்போய், "மீனா? சைவ சாப்பாடுன்னுதானே சம்மந்தி சொன்னீங்க!" என்றார். யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை. தட்டை என் கையில் வைத்தீர்கள். தட்டு சரிந்து தேங்காய் உருண்டது. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே என்னை உள்ளே கூட்டிப்போனீர்கள். அந்த நிமிஷத்திலிருந்து உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும் அத்தை. நீங்கள் இருந்தவரை இதை வாய்விட்டுச் சொல்லவே இல்லை, அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது.

இப்போது இந்த வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும், மோட்டாரை நிறுத்தாமல் தொட்டி வழிந்தாலும், யாராவது மருமகள் பக்கம் திரும்புவதற்குள் "நான்தான்" என்று சொல்லிவிடுகிறேன். பாதிக்கு மேல் பொய். எனக்கு ஞாபகமறதி முற்றிவிட்டது என்று அவள் கவலைப்பட்டு, திங்கட்கிழமை டாக்டரிடம் அழைத்துப்போக ஏற்பாடு செய்திருக்கிறாள். போய்விட்டுத்தான் வர வேண்டும் அத்தை. உண்மையைச் சொன்னால் மாட்டிக்கொள்ளப்போவது அவள்.