பரங்கிமலை உயரம்

லாபாஸ், பொலிவியா
12.2.1989

பிரியமுள்ள ஜோதிக்கு,

நான் சுகம். உன் சுகத்துக்கு எழுது. ஆழ்துளைக் கிணறு தோண்ட வந்தவனுக்கு ஆண்டவர் எவ்வளவு உயரத்தில் இடம் கொடுத்திருக்கிறார் பார்! பன்னிரண்டாயிரம் அடி. விமான நிலையம் அதற்கும் மேலே. இங்கே வருகிற விமானம் இறங்குவதில்லை, ஏறித்தான் நிற்கும் என்று கேலி செய்வார்கள். ஜன்னலைத் திறந்தால் பனிமலை. அரிசி குக்கரில் வைத்தால்தான் வேகும். காற்று மெலிசு, புதிதாக வருகிறவர்கள் நாலு நாள் மூச்சு வாங்கிக்கொண்டு கிடப்பார்கள். எனக்குப் பழகிவிட்டது.

இரண்டு வருடமாக அந்த மலையைத் தனியாகப் பார்த்து அலுத்துவிட்டது. நீ பக்கத்தில் நிற்க வேண்டும். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் புறப்பட்டு வா.

உன்
தேவானந்தம்


கிழக்குத் தாம்பரம்
20.3.1989

பிரியமுள்ள அத்தானுக்கு ஜோதி எழுதுவது,

உங்கள் கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறேன், சிரிக்காதீர்கள். மலையைப் பற்றி இவ்வளவு எழுதினீர்களே, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று ஒரு வரி உண்டா?

லீவில் வருவது கஷ்டம். பத்தாம் வகுப்புக்கு நான் ஸ்பெஷல் கிளாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. வெயில் இப்போதே கொளுத்துகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பக்கத்து வீட்டு அமலராணியோடு மின்சார ரயிலில் பரங்கிமலைக்குப் போய் வருகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். காற்று மெலிசு என்றீர்களே, எவ்வளவு மெலிசு?

உங்கள்
ஜோதி


லாபாஸ்
2.5.1989

ஜோதிக்கு,

ஸ்பெஷல் கிளாஸாம்! போன வருடம் வீடு வெள்ளையடிப்பு, இந்த வருடம் இது. உனக்கு எப்போதிருந்து பரங்கிமலை மேல் பக்தி? சி.எஸ்.ஐ. கோயிலில் பாட்டுப் பாடுகிறவள் வாராவாரம் கத்தோலிக்கர் மலைக்குப் போனால் ஆயர் என்ன சொல்வார்? அங்கே ஏற முடிகிறவளுக்கு இங்கே வர மட்டும் முடியாதா?

வர இஷ்டமில்லை என்றால் நேராகச் சொல்லிவிடு. இரண்டு பீங்கான் தட்டு வாங்கி வைத்தேன். ஒன்று இன்னும் காகிதம் பிரிக்காமல் கிடக்கிறது.

தேவானந்தம்


கிழக்குத் தாம்பரம்
11.6.1989

அத்தான்,

இஷ்டமில்லையா! எப்படி எழுத மனசு வந்தது உங்களுக்கு?

நீங்கள் போன பிறகு அடிக்கடி மூச்சு வாங்கியது. டாக்டர் சத்தியநாதனிடம் காட்டினேன். சின்ன வயதில் வந்த ஜுரம் இதய வால்வைக் கெடுத்துவிட்டதாம். மாத்திரை சாப்பிட்டால் சமதரையில் பயமில்லை. மலை மட்டும் கூடாது. “ஊட்டிக்கே போகாதீங்கம்மா. நீங்க சொல்ற ஊரு நினைச்சே பாக்க வேணாம்” என்றார். சொன்னால் வேலையை உதறிவிட்டு ஓடி வருவீர்கள் என்றுதான் மறைத்தேன்.

பழகினால் சரியாகிவிடும் என்று பைத்தியக்காரி மாதிரி பரங்கிமலைப் படியில் பழகிப் பார்த்தேன். முந்நூறு அடி மலை அது. பாதியிலேயே கண் இருட்டுகிறது. “இன்னா டீச்சர், இதுக்கே ஒக்காந்துகினா அமெரிக்காவுக்கு எப்டி போவ?” என்று அமலராணி முந்தானையால் விசிறுகிறாள். ஒரு நாள்கூட உச்சியைப் பார்க்கவில்லை, அத்தான்.

நீங்கள் வராதீர்கள். காலண்டரில் பனிமலையைப் பார்த்துப் பார்த்து ஏங்கின ஆள் நீங்கள். எனக்காக விடக் கூடாது. அந்தத் தட்டை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள்
ஜோதி


திரினிதாத், பொலிவியா
3.8.1989

என் ஜோதிக்கு,

முதலில் ஒன்று. இனி அந்தப் படியில் கால் வைத்தாயோ, தெரியும் சேதி!

இந்த நாட்டில் மலை பாதிகூட இல்லை. மீதியெல்லாம் சமவெளி. லாரியில் ஏறி மலையை விட்டுக் கீழே இறங்கிவிட்டேன். காலையில் பனி, மத்தியானம் மேகம், சாயங்காலம் காடு. காது அடைத்து அடைத்துத் திறந்தது. அதற்கப்புறம் எங்கே பார்த்தாலும் புல்லும் ஏரியும் கொசுவும்தான். மழைக்காலத்தில் அனகாபுத்தூர் மாதிரி தெருவெல்லாம் வெள்ளமாம், குடிக்க மட்டும் நல்ல தண்ணீர் கிடையாது. இங்கே கிணறு போட யாரும் வர மாட்டேனென்கிறார்கள் என்று எங்கள் அலுவலகத்தில் புலம்பிக்கொண்டிருந்தார்கள். நான் போகிறேன் என்றேன்.

வாசலில் மாமரம். சோறு சாதாரணப் பானையிலேயே வேகிறது. உயரம் விசாரித்தேன். உன் பரங்கிமலை உச்சிக்கு மேல் மூன்று தென்னை உயரம், அவ்வளவுதான். படி கிடையாது. லாபாஸ் பக்கமே போகாமல் இந்த நாட்டிலேயே கீழே இருக்கிற சாந்தா குரூஸ் விமான நிலையத்தில் வந்து இறங்கலாம். டாக்டரிடம் கேட்டு எழுது.

தட்டு உடையாமல் வந்து சேர்ந்தது.

உன்
தேவானந்தம்


கிழக்குத் தாம்பரம்
10.9.1989

பிரியமுள்ள அத்தானுக்கு,

“அந்த உயரம்னா தாராளமா போங்க” என்று சொல்லி டாக்டர் விமானப் பயணத்துக்கும் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டார். உங்கள் பனிமலையை விட்டுவிட்டீர்களே என்று இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் போய்ப் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டேன். அதில் கண் வீங்கித்தான் இருக்கிறது, பரவாயில்லை.

இன்றைக்குப் பரங்கிமலைக்குப் போனேன். திட்டாதீர்கள், ஏறவில்லை. அமலராணி மட்டும் ஏறிப் போய் உச்சியிலிருந்து கையை ஆட்டினாள். நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். அவள் சேலை நிறம்கூடத் தெரிந்தது. அதற்கு மேல் மூன்று தென்னைதானே.

இவ்வளவு கிட்டத்திலா இருக்கிறீர்கள், அத்தான்?

உங்கள்
ஜோதி