டாங்க் மூடியில் ஒரு சந்தனப் பொட்டு

பதிவு 1 | காலை 6.10
என்னைக் கண்டெடுப்பவருக்கு: நான் இந்தக் குட்டி விமானத்தின் கணினி. ஓட்டுவது செண்பகவல்லி. விமானத்தை வீட்டுக் கார் ஷெட்டில் அவளே கட்டினாள். என்னையும் அவள்தான் செய்தாள், பயப்படவும் கற்றுக்கொடுத்தாள். பயம் இருந்தால்தான் கவனம் இருக்குமாம்.
நேற்று ஆயுத பூஜை. அவள் தம்பி ஆவுடையப்பன் புரொப்பெல்லர், சக்கரம், டாங்க் மூடி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தான். இறக்கையில் இருக்கும் என் கேமராவைக்கூட விடவில்லை. அதை மட்டும் அவள் துடைத்துவிட்டாள். ஆயில் சரி. காற்று சரி.

பதிவு 2 | 6.24
கிளம்பினோம். முந்நூறு அடியில் எஞ்சின் இருமியது, நின்றுவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது.
ரேடியோ, ஆவுடையப்பன்: "யக்கா, திரும்பிரு. தளம் பின்னாலதான இருக்கு, வந்துருக்கா."
முட்டாள். இந்த உயரத்தில் திரும்பினால் தலைகுப்புற விழுவோம். அவள் கையும் திரும்பத்தான் பார்க்கிறது. திரை முழுக்க எழுதுகிறேன்: நேரே போ.
ரேடியோ, செண்பகவல்லி: "ஏலே, வாய மூடு. நேரா உப்பளத்துல எறக்குதேன்."

பதிவு 3 | 6.25
டாங்க் நிறைய பெட்ரோல் இருக்கிறது. பிறகு ஏன் எஞ்சினுக்கு இறங்கவில்லை? கேமராவில் பார்க்கிறேன். மூடியில் காற்றுப் போக ஒரு ஊசித் துளை உண்டு; காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். அதன்மேல் சந்தனம் காய்ந்து இறுகி நிற்கிறது, நடுவில் குங்குமம். அட ஆவுடையப்பா. நேற்று நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அழகாக இருக்கிறது என்று நினைத்தேன்.
மூடி கண்ணாடிக்கு வெளியே இருக்கிறது. அவளுக்குக் கை எட்டாது.
உப்பு. வரப்பு. வரப்பு

பதிவு 4 | 6.27
சக்கரம் வரப்பில் இடித்துக் கவிழ்ந்தோம். அவள் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்குகிறாள். கதவு சேற்றில் புதைந்துவிட்டது.
செண்பகவல்லி: "லே, உயிரோடதான் இருக்கேன். ஓடி வா."
அவள் மைக்கை அழுத்தும்போதெல்லாம் அறுந்த ஒயரில் பொறி பறக்கிறது. பெட்ரோல் சொட்டவில்லை. அந்தப் பொட்டுதான் இன்னும் துளையை அடைத்துக்கொண்டிருக்கிறது.

பதிவு 5 | 6.31
கவிழ்ந்த மூடியில் உப்புத் தண்ணீர் பட்டுச் சந்தனம் ஊறுகிறது. முதல் சொட்டு விழுந்தது.
செண்பகவல்லி: "ஆவுடை, எங்கல இருக்க? பயமா இருக்குடா."
பொறி.
ஆவுடையப்பன்: "வரப்புல ஓடியாறேன்க்கா. பேசிக்கிட்டே இரு. நிறுத்திராத."
பேசாதே. பேசாதே. என் திரை நொறுங்கிவிட்டது, சொல்ல எனக்கு வாயும் இல்லை.
பேட்டரி வாலில் இருக்கிறது, அங்கே பொறி பறந்தாலும் பெட்ரோல் எட்டாது. அதன் இணைப்பை என்னால் வெட்ட முடியும். வெட்டினால் ரேடியோ போகும், நானும் போவேன். மறுபடி விழிப்பேனா, தெரியாது. எனக்குப் போக மனசே இல்லை.
இரண்டாவது சொட்டு. அவள் கை மைக்கைத் தேடுகிறது.

பதிவு 6 | 6.32
கண்டெடுப்பவருக்கு: பேட்டரியை வெட்டுகிறேன். எனக்கு உடனே கரன்ட் கொடுத்துப் பார்க்காதீர்கள். முதலில் அவளை வெளியே எடுங்கள். ரேடியோ செத்ததும், நான் விட்டுப் போய்விட்டேன் என்று நினைத்திருப்பாள். அப்படி இல்லை என்று அவளிடம் சொல்லுங்