கண்ணாடிப் பெட்டிக்குள் மேட்டம்மா

அண்ணி,

இன்று திண்டிவனம் மார்க்கெட் பக்கம் கேப்பைக் கூழ் வாசனை வந்தது. ஆடி மாதம்தானே. ஒரு பெண் சொம்பை நீட்டி, "குடிம்மா, அம்மன் கூழு" என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தேன். வயிற்றெரிச்சல்தான், வேறென்ன.

மரக்காணம் பக்கத்தில் நம் குப்பத்துக்கு மேற்கே இருந்த மண்மேட்டை நீங்கள் எங்கே மறந்திருப்பீர்கள்? மழை பெய்தால் உடைந்த பானை ஓடுகளும் பாசிமணிகளும் வெளியே வரும். அந்த மேட்டின் மேல், வேப்பமரத்தடியில், முகம் தேய்ந்த கல்லாக உட்கார்ந்திருந்தாள் மேட்டம்மா. அண்ணன் கடலுக்குப் போகிற நாளெல்லாம் அவள் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டு வந்துதான் நீங்கள் அடுப்பைப் பற்றவைப்பீர்கள்.

தோண்ட வந்தவர்கள் அது பழைய பட்டினம் என்றார்கள். செங்கல் சுவரும் உறைகிணறும் வெளிப்பட்டன. நமக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்திலேயே அருங்காட்சியகம் வரும், அம்மனை அதில் பத்திரமாக வைப்போம் என்று அதிகாரி சொன்னார். கோயில் கட்டுகிறார்கள் என்றுதான் குப்பமே எடுத்துக்கொண்டது. "வெயில்லியும் மழையிலியும் கெடந்தா. இப்பதான் அவளுக்கு ஒரு கூரை வருது" என்று சொல்லி, நீங்களே ஆரத்தி எடுத்து வண்டியில் ஏற்றி அனுப்பினீர்கள்.

கட்டடம் திறந்த பிறகு வந்த ஆடியில் கூழ்ப்பானையோடு போனோம். வாசலில் எல்லாரும் செருப்பைக் கழற்றினோம். காவலாளி சிரித்துவிட்டார்.

"செருப்பு போட்டுக்கினே வரலாம்மா. பானைய மட்டும் வெளிய வச்சிடுங்க."

"பானைய வெளிய வச்சிட்டு அவளுக்கு என்னாத்த ஊத்தறது?" என்று கேட்டீர்கள்.

"இது மியூசியம்மா. எதையும் தொடக்கூடாது."

உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் அவள். நெற்றியைச் சுத்தமாகக் கழுவியிருந்தார்கள். "சுமங்கலி நெத்திய இப்பிடியா அழிப்பாங்க? நானே ஏத்தி அனுப்பிட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டீர்கள். பெட்டியின் கீழே இருந்த அட்டையைப் படித்துக் காட்டினேன். 'பெண் உருவம். முற்காலத்தில் வழிபடப்பட்டிருக்கலாம்.' அவளுக்குக் கூழ் ஊற்றிய கை பக்கத்திலேயே நிற்கிறது, அவர்களுக்குச் சந்தேகமாம்! குப்பத்தில் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

வருஷத்துக்கு ஒருநாளாவது அவளை மேட்டில் வைக்கவிடுங்கள் என்று கேட்டு விழுப்புரத்து ஆபீசுக்கு எத்தனை தடவை அலைந்தோம்! மேலிடத்தில் கேட்கவேண்டும் என்பார்கள். அந்த மேலிடம் எங்கே இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. அண்ணன் கடலுக்குப் போனால் அவர் திரும்பும்வரை நீங்கள் கரையிலேயே உட்கார்ந்திருக்கத் தொடங்கினீர்கள்.

ஆஸ்பத்திரியில் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோதுகூட, பெற்ற பிள்ளைகளைக் கேட்கவில்லை நீங்கள். "அவள வெளிய வுட்டாங்களாடி?" என்றீர்கள். இல்லை என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள்.

நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். பொய். அந்தக் கோபத்தை என்னிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனீர்கள். அது இன்னும் ஆறவில்லை, அண்ணி. ஆறவும் விடமாட்டேன்.