மின்னழுத்தத்தில் நீ கண்ட அழுத்தம்

சற்று முன் நடந்ததை, கூட்டாமல் குறைக்காமல் உனக்கு எழுதுகிறேன். திருப்பதியில் ஒரு கல்லூரி அரங்கம். இப்போது தேநீர் இடைவேளை. உடலின் செல்களைப் பற்றிப் பேச வந்த மேடம் ஒரு பலூனை ஊதினார். ரப்பரும் பவுடரும் கலந்த அந்த வாசனை வந்ததும் உன் ஞாபகம்தான் வந்தது.

சித்தூரில் நம் பள்ளிக் கண்காட்சியில் நீயும் பலூன்தான் வைத்திருந்தாய். பலூன் தோல்தான் செல்லின் சவ்வு. அதில் நீ ஒட்டிய காகிதக் கதவு, புரோட்டான் வெளியேறும் வாயில். சவ்வின் வோல்டேஜ் மாறினால் அது திறக்கும். வோல்டேஜுக்குத் தமிழில் 'மின்னழுத்தம்' என்று திருத்தணி அத்தை வீட்டுப் புத்தகத்தில் படித்துவிட்டு வந்திருந்தாய்.

"அழுத்தம்னா அமுக்குறதுதானே? அமுக்கினா தோலு இழுத்துக்கும், கதவு தொறந்துக்கும்" என்று பலூனை அமுக்கிக் காட்டினாய்.

"வோல்டேஜ் வேற, பிரஷர் வேறம்மா. தப்பு" என்று நடுவர் நகர்ந்துவிட்டார்.

"அப்ப கரண்டு கம்பத்த அமுக்கினா மோட்டார் ஓடுமாடி?" என்றாள் பக்கத்து மேசை பத்மா.

"இன்னாத்துக்கு இளிச்சிக்கினு கீறே? உன் வாய அமுக்கினாதான் இந்த ரேடியோ நிக்கும்" என்றாய்.

ஆனால் வீடு திரும்பும் நகரி பஸ்ஸில் என் காதருகே வந்து, "நெஜமாவே இழுத்தா ஒண்ணும் ஆவாதாடி?" என்று கேட்டாய். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அதற்குள் மழைக்காலக் காய்ச்சலில் நீ போய்விட்டாய்.

இன்று கை தூக்கினேன். "மேடம், சவ்வை இழுத்தால் புரோட்டான் வாயிலுக்கு ஏதாவது ஆகுமா?"

அவர் பலூனைக் கீழே வைத்தார். "யாரும்மா இதக் கேக்கச் சொன்னது?"

"என் ஃபிரெண்டு மேடம்."

ஆகுமாம்! ஆகுமாம்டி! திறக்க வைப்பது வோல்டேஜ்தான். அந்த அளவில் நடுவர் சொன்னது சரி. ஆனால் சவ்வு இழுபட்டிருந்தால், அதே வோல்டேஜுக்கு வாயில் இன்னும் வேகமாகவும் அதிகமாகவும் திறக்கிறதாம். இழுவை நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே சுலபமாகத் திறக்கிறதாம். கிருமியைத் தேடி இடுக்குகளில் நெளிந்து புகும் வெள்ளணுக்களிலும் இந்த வாயில் உண்டாம். அங்கே இழுவை என்ன செய்கிறது என்பதில் இன்னும் நிறையத் தெரியாதாம்.

சொல்லைத்தான் நீ தப்பாகப் புரிந்துகொண்டாய். கேள்வி தப்பே இல்லை.

"அந்தப் பொண்ண ஒருநாள் கூட்டிக்கினு வா, நான் பேசணும்" என்றார் மேடம். உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன்.

இப்போது உன் கேள்விக்குள்ளிருந்து இன்னொன்று முளைத்திருக்கிறது: தோல் இழுபடுவது வாயிலின் எந்தப் பகுதிக்கு முதலில் தெரிகிறது? அடுத்த முறை அதைக் கேட்பேன், உன் பெயரையும் சேர்த்து. இடைவேளை முடிந்தது; திரையில் படம் காட்டப்போகிறார்கள், விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.