ஒரே கயிறு, இரண்டு கொட்டகை

மாப்ளே,

இன்று காலை திருச்செங்கோட்டுப் பேருந்துக்கு முன்னால் ஒரு கோழி லாரி போனது. பேருந்தே மூக்கைப் பொத்திக்கொண்டது. நான் மட்டும் சந்தனம் முகர்வதுபோல் நெஞ்சு நிறைய இழுத்தேன். பக்கத்துச் சீட்டுக்காரர் எழுந்து போய்விட்டார். அது உன் வெற்றியின் வாசனை என்று அவருக்கென்ன தெரியும்?

நம் பள்ளியில் நீ ஐந்தாம் வகுப்பு வாத்தியார், நான் அடுத்த அறையில் நான்காம் வகுப்பு. பரப்பளவு நடத்த நீ போட்ட ஒரு கணக்கு நாமக்கல் சீமையையே நடுக்கியது. ஒரே நீள வலையால் இரண்டு கோழிக் கொட்டகை. ஒன்று ஒடுக்கமாக நீளம், மற்றது சதுரம். எதில் கோழி அதிகம் நிற்கும்?

சதுரத்தில் என்று ஒரு சிறுமி வீட்டில் சொல்லிவிட்டாள். அவள் அப்பா கோழிப்பண்ணைக்காரர். காற்றுக்காகக் கொட்டகையை நீளமாகவே கட்டிப் பழகியவர். மறுநாள் படைதிரட்டி வந்துவிட்டார்.

"ஏனுங்க சார், வலை அதேதானுங்களே? எடம் மட்டும் எப்படிங்க கூடும்? டிசி குடுத்துருங்க, வேற பள்ளிக்கூடத்துல சேத்திக்கறேன்."

ஒரு டிசி போனாலும் நாளை முதல் புத்தகக் கணக்கு மட்டும்தான் என்று தலைமையாசிரியர் உன்னிடம் சொல்லிவிட்டார். நீ வாதாடவில்லை. செய்து பார்த்துவிடலாம் என்றாய். வடமிழுக்கும் கயிற்றின் இரு முனைகளையும் முடிந்து, மைதானத்தில் முதலில் ஒடுக்கமாக விரித்தோம். பிள்ளைகள் கோழிகளாகி உள்ளே புகுந்தார்கள். பாதி வகுப்பு வெளியே நின்று கொக்கரித்தது. அதே கயிற்றைச் சதுரமாக்கினோம். உன் வகுப்பு முழுவதும் உள்ளே. என் வகுப்பும் உள்ளே. விட்டிருந்தால் சேலம் ஜங்ஷன் கூட்டமே அடங்கியிருக்கும்.

பண்ணைக்காரர் கயிற்றைச் சுற்றிவந்து முடிச்சை இழுத்துப் பார்த்தார். பிறகு அவரே உள்ளே நுழைந்தார்.

"நீங்க நின்னுங்கூட எடம் மிச்சமிருக்குதுங்கப்பா" என்றாள் மகள்.

அவர் சிரித்துவிட்டார். "அடுத்த கணக்கு என்னங்க சார்?"

டிசி பேச்சு அங்கேயே செத்தது. உன் கணக்குகள் பிழைத்தன. மூவேந்தரும் சேர்ந்து வென்ற போர்களெல்லாம் இதற்குக் கால்தூசு.

நீ கண்மூடிய பிறகு ஐந்தாம் வகுப்பு எனக்கு வந்தது. உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று, பதிலை வாய்க்குள் அடக்குவது. என்னைப்போன்ற வாயாடிக்கு அது முட்டிபோட்டே மலையேறுவது மாதிரி. போன வாரம், அதே கயிற்றில் சதுரத்தையும் மிஞ்ச வழியுண்டா என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். வகுப்பு தனக்குள் அடித்துக்கொண்டது. கடைசி வரிசையில் ஒருத்தி எழுந்தாள்.

"மூலையே வேண்டாமுங்க சார்."

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை, மாப்ளே. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லோரையும் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.